‘வென்ற்’ பாடம், ஆனா பின்னால ‘ரு’வா ‘இன்’னா? இங்கிலீஷ் இறந்தகால வினை முன்னிடைச்சொல்லோட சேர்ற விதம்

மல்லாவியோ புதுக்குடியிருப்போ, வன்னியில எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் கோ, வென்ற், கோன் எண்டு மூண்டு நிரலையும் மூச்சு விடாமச் சொல்லும், ரியூசனில முதல் பாடமாக்கிறதே அதுதான். ஆனா அதே பிள்ளை ஒரு வசனம் எழுத வெளிக்கிட்டா ‘ஐ றீச்ட் ரு கிளிநொச்சி’ எண்டு எழுதும், ‘வீ டிஸ்கஸ்ட் எபவுட் த புறொப்ளம்’ எண்டு எழுதும். வினை சரி, காலமும் சரி, அதுக்குப் பின்னால வந்த சின்னச் சொல்லுத்தான் பிழை. ஓ எல் சோதினை எடுக்கிற பிள்ளையளோட இது நிக்கிறேல்ல, கச்சேரியில, அதாவது மாவட்டச் செயலகத்தில, இருந்து வந்த இங்கிலீஷ் கடிதத்தை வாசிக்கிற ஆக்களும் என்ஜிஓ வேலைக்கு ரிப்போர்ட் எழுதிற ஆக்களும் இதே இடத்திலதான் இடறுகினம்.

பிள்ளையள் கவனமில்லாம எழுதுறதால வாற பிழை எண்டு சொல்லி சிவப்புப் பேனையால வெட்டிவிடுறது எனக்குச் சரியாப் படேல்ல. தமிழில இதுக்கெண்டு ஒரு ஒழுங்கு இருக்குது, அந்த ஒழுங்கைத்தான் அப்பிடியே இங்கிலீஷுக்குக் கொண்டுபோறம், சில இடத்தில அது வடிவாப் பொருந்துது, சில இடத்தில பொருந்தாது. எங்க பொருந்தும் எங்க பொருந்தாது எண்டு தெரிஞ்சா பாதிப் பிரச்சினை தீந்துது.

முதல்ல அடிப்படை

முன்னிடைச்சொல், அதாவது பிரெபொசிஷன், எண்டுறது இன், ஒன், அற், ரு, ஃப்ரொம், ஃபோர், வித், பை மாதிரியான சின்னச் சொல்லுகள். பெயருக்கு முன்னால நிக்கும். பெயரோட சேந்தா அது முன்னிடைத் தொடர்: ‘ரு வவுனியா’, ‘பை பஸ்’, ‘ஒன் மண்டே’. தமிழில இந்த வேலையைச் செய்யிறது வேற்றுமை உருபு, அது பெயருக்குப் பின்னால ஒட்டும்: வவுனியாவுக்கு, பஸ்ஸில. இப்ப ரெண்டு வசனத்தையும் பக்கத்தில வச்சுப் பாருங்கோ.

திங்கக்கிழமை / பஸ்ஸில / வவுனியாவுக்கு / போனன்.

‘ஐ வென்ற் / ரு வவுனியா / பை பஸ் / ஒன் மண்டே.’

கண்ணாடியில தெரியிற மாதிரி அப்பிடியே தலைகீழ். தமிழில வினை கடைசியில, இங்கிலீஷில எழுவாய்க்கு அடுத்த இடத்தில. ஆனா ரெண்டிலயும் வினைக்கு ஆகக் கிட்ட நிக்கிறது எது எண்டு பாத்தா ஒண்டுதான், ‘வவுனியாவுக்கு’. ஏனெண்டா போறது எண்ட வினைக்கு அதுதான் முக்கியமாத் தேவை, “போனன்” எண்டு மட்டும் சொன்னா “எங்க?” எண்டு உடன கேப்பினம், எந்தக் கிழமை எண்டு சொல்லாட்டிலும் ஒருத்தரும் பெரிசாக் கேக்கமாட்டினம். வினைக்குத் தேவையானது கிட்ட, தேவையில்லாதது தூர. தமிழில உருபு ஒட்டியிருக்கிறதால சொல்லை இடம் மாத்தினாலும் பெரிசாக் குழம்பாது, இங்கிலீஷில அந்தச் சுதந்திரம் குறைவு, ‘ஐ வென்ற் ஒன் மண்டே பை பஸ் ரு வவுனியா’ எண்டா விளங்கும் ஆனா நெருடும்.

காலம் ஒரு இடத்திலதான் ஏறும்

முன்னிடைச்சொல்லுக்குக் காலம் இல்ல, நேற்றைக்கும் ‘ரு’தான் நாளைக்கும் ‘ரு’தான். காலத்தைச் சுமக்கிறது வினை மட்டும், அதுவும் ஒரே ஒரு இடத்தில. ‘டிட்’ வந்திட்டா காலம் அதில ஏறீடும், பிறகு வினை மொட்டையாத்தான் நிக்கும்: ‘ஐ டிட் நொற் கோ ரு ஸ்கூல்’. ‘டிட் நொற் வென்ற்’ எண்டு எழுதிற பிள்ளைக்கு எங்கட “போகேல்ல”வைக் காட்டினாலே போதும். போகேல்ல எண்டா போக + இல்ல, “போனேல்ல” எண்டு ஒருத்தரும் சொல்லுறேல்லத் தானே, அங்கயும் வினை காலமில்லாமத்தான் நிக்குது.

இதில காதால வாற குழப்பம் ஒண்டும் இருக்குது, அதைக் கனபேர் கவனிக்கிறேல்ல. ‘வோக்ட் ரு’ எண்டு வேகமாச் சொல்லேக்க வினையின்ர கடைசி ஒலியும் ‘ரு’வின்ர முதல் ஒலியும் ஒண்டாச் சேந்து ‘வோக் ரு’ மாதிரித்தான் கேக்கும். ‘லுக்ட் அற்’ எண்டுறதும் ‘லுக்டற்’ எண்டு ஒரே சொல்லாக் கேக்கும். சொல்வதெழுதுதலில இறந்தகால விகுதியை விட்டிட்டு எழுதிற பிள்ளைக்கு இலக்கணம் தெரியாம இல்ல, கேட்டதை எழுதியிருக்குது. இப்பிடியான இடத்தில காதை நம்பாம ‘யெஸ்ரடே’, ‘லாஸ்ட் வீக்’ மாதிரிச் சொல்லு வசனத்தில இருக்கா எண்டு தேடித்தான் எழுதவேணும்.

வினை தானே கேட்டு வாங்கிற முன்னிடைச்சொல்

சில வினை தனக்குத் தேவையானதை நேரா எடுக்கும், சிலது ஒரு குறிப்பிட்ட முன்னிடைச்சொல் இல்லாம எடுக்காது. எது எந்த ரகம் எண்டதை தமிழ் உருபை வச்சு ஊகிக்க வெளிக்கிட்டா கனக்கப் பிழைக்கும்.

1. தமிழில உருபு இருக்கும், இங்கிலீஷில ஒண்டும் வராது. கிளிநொச்சிக்குப் போய்ச் சேர்ந்தம் எண்டா ‘வீ றீச்ட் கிளிநொச்சி’. அவருக்குக் கோல் எடுத்தன் எண்டா ‘ஐ கோல்ட் ஹிம்’. அம்மாட்டக் கேட்டன் எண்டா ‘ஐ ஆஸ்க்ட் மை மதர்’, இதில எங்கட ஆக்கள் ‘ஆஸ்க்ட் ஃப்ரொம்’ எண்டு போடுறது நாடு முழுக்க இருக்கிற பழக்கம். வகுப்புக்குள்ள போனன் எண்டா ‘ஐ என்ரேட் த கிளாஸ்’, இன்ரு தேவையில்ல. அதைப் பற்றிக் கதைச்சம் எண்டதுக்கு ‘ரோக்ட் எபவுட்’ சரி, ஆனா ‘டிஸ்கஸ்ட்’ போட்டா எபவுட் வரக்கூடாது.

2. தமிழில ‘ஐ’ உருபோ வெறும் பெயரோ போதும், இங்கிலீஷில முன்னிடைச்சொல் கட்டாயம். ரேடியோ கேட்டன் எண்டா ‘லிஸின்ட் ரு த றேடியோ’, படத்தைப் பாத்தன் எண்டா ‘லுக்ட் அற் த பிக்ஷர்’, பேனையைத் தேடினன் எண்டா ‘லுக்ட் ஃபோர் த பென்’. ஒரே ‘லுக்ட்’தான், பின்னால ஆஃப்டர் வந்தா பராமரிச்சது, இன்ரு வந்தா விசாரிச்சது.

3. ரெண்டிலயும் இருக்கும். பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நிண்டன், ‘வெயிற்றட் ஃபோர் த பஸ்’. எனக்கு விளங்கப்படுத்தினார், ‘எக்ஸ்பிளெயின்ட் இற் ரு மீ’. ஆனா எனக்குச் சொன்னார் எண்டது ‘ரோல்ட் மீ’, இல்லாட்டி ‘செட் ரு மீ’, ரெண்டில ஒண்டு.

இதுகளுக்கு ஒரு பொது விதி தேடி மினைக்கெடாதேங்கோ. வினையைப் பாடமாக்கேக்க ‘வெயிற், வெயிற்றட்’ எண்டு நிப்பாட்டாம ‘வெயிற்றட் ஃபோர்’ எண்டு சேத்தே பாடமாக்கவேணும். மூண்டு நிரல் அட்டவணையில நாலாவது நிரல் ஒண்டு கீறி, அதில இந்தச் சொல்லை எழுதுங்கோ, ஒண்டும் வராத வினைக்கு ஒரு கோடு போடுங்கோ. ரியூசன் ரீச்சர்மார் இதை ஒரு தவணைக்குச் செய்து பாத்தாலே வித்தியாசம் தெரியும்.

இன்னுமொண்டு. ‘கேவ் அப்’, ‘புற் ஒஃப்’ மாதிரி வாறதில அப், ஒஃப் எல்லாம் முன்னிடைச்சொல் மாதிரித் தெரிஞ்சாலும் உண்மையில வினையின்ர ஒரு துண்டுதான். அடையாளம் காண ‘இற்’ஐப் போட்டுப் பாருங்கோ. ‘புற் இற் ஒஃப்’ எண்டு நடுவில ‘இற்’ வந்தா அது வினைத் துண்டு. ‘வெயிற்றட் ஃபோர் இற்’ எண்டு கடைசியிலதான் வரும் எண்டா அது முன்னிடைச்சொல். ‘வெயிற்றட் இற் ஃபோர்’ எண்டு ஒருநாளும் வராது.

எங்கட ‘க்கு’ ஒண்டு, இங்கிலீஷில ரெண்டு

பெடியனுக்குப் பந்து எறிஞ்சன். நாய்க்குக் கல்லு எறிஞ்சன். தமிழில ரெண்டும் க்கு. இங்கிலீஷில முதலாவது ‘த்ரூ த போல் ரு த போய்’, ரெண்டாவது ‘த்ரூ அ ஸ்ரோன் அற் த டோக்’. ‘ரு’ எண்டா மற்றவர் அதை வாங்கவேணும் எண்ட நோக்கம், ‘அற்’ எண்டா அவர் வெறும் இலக்கு. அதே மாதிரி ‘ஷவுட்டட் ரு மீ’ எண்டா தூரத்தில நிண்ட எனக்குக் கேக்கச் சத்தம் போட்டார், ‘ஷவுட்டட் அற் மீ’ எண்டா என்னை ஏசினார்.

‘அற்’ வந்தா பட்டது எண்டும் அர்த்தமில்ல. ‘ஷொட் த எலிஃபன்ற்’ எண்டா யானைக்கு வெடி பட்டிட்டுது. ‘ஷொட் அற் த எலிஃபன்ற்’ எண்டா சுட்டிருக்கினம், பட்டுதா இல்லையா எண்டு வசனம் சொல்லேல்ல. பேப்பரில ‘ஃபயர்ட் அற்’ எண்டு வந்த செய்தியை “சுட்டுக் காயப்படுத்தினர்” எண்டு மொழிபெயர்க்கிறது பெரிய பிழை, ரெண்டெழுத்துச் சொல்லால ஒரு சம்பவமே மாறிப்போகுது, செய்தி எழுதிற ஆக்கள் இதில கட்டாயம் கவனமா இருக்கவேணும்.

மணித்தியாலமா, மணித்தியாலத்திலயா

இந்த விசயத்தில ஆக ஆழமான இடம் இதுதான், இதில தமிழ் எங்களுக்கு நல்லாக் கைகுடுக்கும்.

‘ஐ வோக்ட் ஃபோர் ஆன் அவர்.’ ஒரு மணித்தியாலமா நடந்தன்.

‘ஐ வோக்ட் ரு த ரெம்பிள் இன் ஆன் அவர்.’ ஒரு மணித்தியாலத்தில கோயிலுக்கு நடந்து போயிட்டன்.

‘ஃபோர்’ வந்த இடத்தில தமிழில “ஆ”, ‘இன்’ வந்த இடத்தில “இல”. பெரும்பாலும் இப்பிடியே ஒத்துப்போகும். காரணம், உலகத்தில நடக்கிற செயல் ரெண்டு விதம். ஒண்டு, முடிவுப் புள்ளி இல்லாதது: நடக்கிறது, நித்திரை கொள்ளுறது, மழை பெய்யிறது, எங்க நிப்பாட்டினாலும் அதுவரைக்கும் செய்தது செய்ததுதான். மற்றது, முடிவுப் புள்ளி உள்ளது: வீடு கட்டுறது, கோயிலுக்குப் போய்ச் சேர்றது, கடைசி அடி வைக்கிறவரைக்கும் முடியேல்ல. முதலாவதை ‘ஃபோர்’ அளக்கும், ரெண்டாவதை ‘இன்’ அளக்கும். வினைகளை இப்பிடிப் பிரிச்சுப் பாக்கிறதை செனோ வெண்ட்லர் எண்ட தத்துவ அறிஞர் 1957ல எழுதின கட்டுரைக்குப் பிறகுதான் மொழியியலில எல்லாரும் எடுத்துப் பேசத் தொடங்கிச்சினம்.

இதில கவனிக்கவேண்டியது என்னெண்டா முன்னிடைத் தொடரே செயலின்ர விதத்தை மாத்திப்போடும். ‘வோக்ட்’ தனியா முடிவில்லாதது. ‘ரு த ரெம்பிள்’ சேந்த உடன முடிவு வந்திட்டுது, அதுதான் ‘இன்’ வந்தது. அதே ‘வோக்ட்’டோட ‘ரோவேட்ஸ் த ரெம்பிள்’ எண்டு போட்டா, கோயில் பக்கமா நடந்தன் எண்டு மட்டும்தான், போய்ச் சேரேல்ல, ஆகவே திரும்பவும் ‘ஃபோர் ஆன் அவர்’. வற்றாப்பளைக்கு நடந்து போற ஆக்கள் முள்ளியவளையில நிண்டு இளைப்பாறேக்க அவை நடந்தது ‘ரோவேட்ஸ் வற்றாப்பளை’தான், அம்மன் கோயில் வாசலை மிதிச்ச பிறகுதான் ‘ரு வற்றாப்பளை’. ‘ரு’, ‘இன்ரு’ எல்லாம் முடிவைத் தரும், ‘ரோவேட்ஸ்’, ‘அலோங்’ தராது.

எங்கட ஊர் விசயத்தில இன்னும் வடிவாத் தெரியும்.

1. இரணைமடுக் குளம் 1902ல தொடங்கி 1920ல கட்டி முடிச்சது. ‘தே பில்ற் த ராங்க் இன் 18 இயர்ஸ்’ எண்டா 18 வருசத்தில கட்டி முடிச்சாச்சு. ‘ஃபோர் 18 இயர்ஸ்’ எண்டு எழுதினா 18 வருசமாக் கட்டினவை எண்டு மட்டும்தான், முடிஞ்சுதோ எண்ட கேள்வி நிக்கும்.

2. யாழ்தேவி ரெயின் 1990ல நிண்டது, 2013 செப்டெம்பரிலதான் திரும்பக் கிளிநொச்சிக்கு வந்தது. ‘த ரெயின் டிட் நொற் கம் ரு கிளிநொச்சி ஃபோர் 23 இயர்ஸ்.’ வாறது முடிவுள்ள செயல்தான், ஆனா வராம இருந்தது ஒரு நிலை, அதுக்கு முடிவுப் புள்ளி இல்ல, அதால ‘ஃபோர்’. தமிழிலயும் “23 வருசமா வரேல்ல”தான்.

3. ‘ஹீ நொக்ட் ஒன் த டோர் ஃபோர் ரென் மினிற்ஸ்.’ தட்டுறது ஒரு நொடிச் செயல், அதுக்குப் பத்து நிமிசம் எண்டு அளவு வந்தா திரும்பத் திரும்பத் தட்டினான் எண்டு அர்த்தம். பத்து நிமிசமாத் தட்டினான்.

4. ஒரு இடத்தில மட்டும் பொருந்தாது. ‘ஷீ வென்ற் ரு கொழும்பு ஃபோர் ரூ வீக்ஸ்.’ போறது முடிவுள்ள செயல், பிறகேன் ‘ஃபோர்’? அது போன நேரத்தை அளக்கேல்ல, போய் நிண்ட காலத்தை அளக்குது. தமிழில “ரெண்டு கிழமையாக் கொழும்புக்குப் போனா” எண்டு சொல்லமாட்டம், “ரெண்டு கிழமைக்குப் போனா” எண்டுதான் சொல்லுவம். இங்கிலீஷ் ஒரே ‘ஃபோர்’ஐ ரெண்டு வேலைக்கும் வச்சிருக்குது, தமிழ் பிரிச்சு வச்சிருக்குது.

நாள், கெடு, விண்ணப்பம்

நேரத்துக்கு ‘அற்’, நாளுக்கு ‘ஒன்’, மாசம் வருசத்துக்கு ‘இன்’, ‘யெஸ்ரடே’க்கும் ‘லாஸ்ட் வீக்’குக்கும் ஒண்டும் இல்ல. இது எல்லாப் புத்தகத்திலயும் இருக்கு, விடுவம்.

கையைக் கடிக்கிறது ‘சின்ஸ்’. ‘ஐ வேர்க்ட் ஹியர் சின்ஸ் 2015’ எண்டு விண்ணப்பத்தில கனக்கக் காணலாம். 2015ல இருந்து எண்ட தமிழ் இறந்தகாலத்துக்கும் வரும் நிகழ்காலத்துக்கும் வரும், ஆனா ‘சின்ஸ்’ இண்டைக்குவரைக்கும் நீளுற கோடு, அதுக்கு ‘ஹாவ் வேர்க்ட்’ வேணும். மறுபக்கம், ‘ஐ வேர்க்ட் இன் அ பாங்க் ஃபோர் 3 இயர்ஸ்’ எண்டு எழுதினா இலக்கணம் சரிதான், ஆனா நீங்கள் அந்த வேலையை விட்டிட்டீங்கள் எண்டு வாசிக்கிறவர் எடுப்பார். இப்பவும் அங்கதான் வேலை எண்டா ‘ஹாவ் வேர்க்ட்’. மூண்டு வருசமா வேலை செய்தன், மூண்டு வருசமா வேலை செய்யிறன் எண்ட அதே வித்தியாசம்.

அடுத்தது ‘பை’யும் ‘அன்ரில்’லும். ‘த ஒஃபிஸ் வோஸ் ஓபின் அன்ரில் 4’ எண்டா நாலு மணி வரைக்கும் திறந்திருந்தது. ‘த ஃபோர்ம்ஸ் வேர் றிசீவ்ட் பை 4’ எண்டா நாலு மணிக்குள்ள கிடைச்சிட்டுது. வரைக்கும் எண்டா அன்ரில், க்குள்ள எண்டா பை. தமிழில ஒருத்தரும் இதைக் குழப்புறேல்ல, அதையே பிடிச்சுக்கொண்டு போனாச் சரி. ‘பை’ வேற வேலையும் செய்யும், ‘வோஸ் சைன்ட் பை த ஜிஎஸ் பை ஃப்ரைடே’ எண்டா ஜிஎஸ், அதாவது கிராம சேவகர், வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து வச்சிட்டார், முதல் பை செய்த ஆள், ரெண்டாவது பை கெடு.

தொடர் வினையோட ஒட்டுதா, பெயரோட ஒட்டுதா

‘த பொலிஸ் ஸ்ரொப்ட் த மான் வித் அ ரோர்ச்.’ ரோர்ச் ஆரின்ர கையில? பொலிஸ் ரோர்ச் அடிச்சு மறிச்சதா, ரோர்ச் வச்சிருந்த ஆளை மறிச்சதா? இங்கிலீஷ் வசனம் ரெண்டுக்கும் இடம் குடுக்கும். தமிழில இந்தச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லையெண்டே சொல்லலாம், ஏனெண்டா ‘இன்ர’வை விட்டா உருபு ஒட்டின பெயர் பெரும்பாலும் நேரா இன்னொரு பெயரோட ஒட்டாது. “கிளிநொச்சியில ஆள்” எண்டு சொல்ல ஏலாது, “கிளிநொச்சியில இருக்கிற ஆள்” எண்டு நடுவில ஒரு பெயரெச்சம் போடவேணும். அந்தப் பழக்கத்தில இங்கிலீஷ் வாசிக்கேக்க எல்லா முன்னிடைத் தொடரையும் வினையோடயே ஒட்டி வாசிக்கிறம், அதால பிழையா விளங்குது.

‘த ஒஃபிசர் மெற் த ஃபாமர்ஸ் ஃப்ரொம் ஒட்டுசுட்டான்.’ சந்திக்கிற வினைக்கு ஃப்ரொம் தேவையில்ல, ஆகவே அது கமக்காரரோட ஒட்டும், ஒட்டுசுட்டான் கமக்காரர். ஆனா ‘கோல்ட் த ஃபாமர்ஸ் ஃப்ரொம் ஒட்டுசுட்டான்’ எண்டா ஐமிச்சம், ஒஃபிசர் ஒட்டுசுட்டானில நிண்டு கோல் எடுத்தும் இருக்கலாம். மேல சொன்ன அதே கேள்வியைத்தான் திரும்பக் கேக்கவேணும்: இந்த வினை இந்தத் தொடரைக் கேக்குதா?

இதைவிடக் கஷ்டமானது ஒண்டு இருக்கு. ‘த ஃபோர்ம்ஸ் சென்ற் ரு த கச்சேரி ஒன் மண்டே வேர் லொஸ்ற்.’ வாசிக்கத் தொடங்கேக்க ‘சென்ற்’ இறந்தகால வினை மாதிரி இருக்கும், கடைசியில ‘வேர் லொஸ்ற்’ வந்து எல்லாத்தையும் குழப்பும். இங்க ‘சென்ற்’ எண்டா அனுப்பினது எண்ட முற்றுவினை இல்ல, அனுப்பின எண்ட பெயரெச்சம்: திங்கக்கிழமை கச்சேரிக்கு அனுப்பின ஃபோம்கள் துலைஞ்சுபோச்சுது. தமிழில அனுப்பினது, அனுப்பின எண்டு உருவம் வேற. இங்கிலீஷில கன வினைக்கு ரெண்டும் ஒரே உருவம். தோமஸ் பெவர் எண்ட மொழி உளவியலாளர் 1970ல இதுக்கு ஒரு உதாரணம் காட்டினார், ‘த ஹோர்ஸ் றேஸ்ட் பாஸ்ட் த பார்ன் ஃபெல்’. கொட்டிலுக்குப் பக்கத்தால ஓட்டிக்கொண்டு போன குதிரை விழுந்துது எண்டதுதான் அர்த்தம், இங்கிலீஷைத் தாய்மொழியாக் கதைக்கிற ஆக்களே ‘ஃபெல்’லில முட்டுப்பட்டு நிப்பினம். இடறினா அது உங்கட குறை இல்ல எண்டதுக்கு அந்த வசனமே சாட்சி.

இப்பிடியான வசனத்தை அவிழ்க்க:

1. இறந்தகாலம் மாதிரித் தெரியிற வினை எத்தினை எண்டு எண்ணுங்கோ.

2. ரெண்டு இருந்து, நடுவில ‘ஆண்ட்’, ‘ஹூ’, ‘விச்’, ‘தாற்’ ஒண்டும் இல்லையெண்டா முதலாவதைப் பெயரெச்சமா எடுத்து “அனுப்பின”, “கட்டின” எண்டு வாசிச்சுப் பாருங்கோ.

3. ‘செட்’, ‘தோட்’ மாதிரிச் சொல்லுற, நினைக்கிற வினைக்கு இது பொருந்தாது, அதுகளில ‘தாற்’ ஒளிஞ்சு நிக்கும். ‘ஹீ செட் த ஒஃபிஸ் க்ளோஸ்ட் ஒன் ஃப்ரைடே’ எண்டா ஒஃபிஸ் பூட்டினது எண்டு சொன்னார்.

அந்தக் கடைசி வசனத்தில வெள்ளிக்கிழமை எதுக்கு, சொன்னதுக்கா பூட்டினதுக்கா? வசனத்தை வச்சுச் சொல்ல ஏலாது, கிட்ட நிக்கிற ‘க்ளோஸ்ட்’டோடதான் கனபேர் ஒட்டுவினம். கச்சேரிக்கோ வங்கிக்கோ முறைப்பாடு எழுதேக்க இந்த ஐமிச்சம் காசுக்கும் காணிக்கும் வந்து நிக்கும், ஆன படியால் சொன்ன நாள் எண்டா திகதியை முன்னுக்குத் தூக்கி ‘ஒன் ஃப்ரைடே, ஹீ செட்…’ எண்டு எழுதுங்கோ, பூட்டின நாள் எண்டா ‘செட்’டுக்குப் பின்னால ‘தாற்’ போட்டு ‘ஹீ செட் தாற் ஒன் ஃப்ரைடே த ஒஃபிஸ் க்ளோஸ்ட்’ எண்டு அந்தப் பக்கம் தள்ளிவிடுங்கோ.